வளைகுடாப் போரும் நம் வீட்டுக் குதிரும்



இரு நாடுகள் போரிட்டால் வென்றவர் யார், தோற்றவர் யார் என்று கேட்டு, விடையை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுவது நம் வழக்கம். அப்போரில் வாளெடுக்காத மூன்றாம் நாட்டுக்கு நேர்ந்தது யாது என்னும் கேள்வியைத் தேர்வுத் தாளும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. 1990ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக்கின் படைகள் குவைத்து நாட்டுக்குள் புகுந்தன. 1991 பிப்ரவரி 28ஆம் நாள் போர் ஓய்ந்தது. இடைப்பட்ட ஏழு திங்களில் இந்தியப் படைவீரர் ஒருவரேனும் அக்களத்தில் இறங்கிப் போரிட்டதில்லை. ஆயினும், போர் ஓய்ந்து ஐந்து திங்கள் கழிவதற்குள் நம் நாட்டின் தங்கம் கடல் கடந்து அடகுக்குச் சென்றது. ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளாக நாம் பின்பற்றிவந்த தொழிற்கொள்கை மாற்றப்பட்டது. இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இதற்கு இரண்டு எளிய விடைகள் வழங்குகின்றன. போர் வந்தது, எண்ணெய் விலை ஏறியது, அதனால் நாடு தத்தளித்தது என்பது ஒன்று. நல்ல நிதியமைச்சர் ஒருவர் வந்தார், நாட்டைக் காத்தார் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மையே. எந்த வரலாற்று நிகழ்ச்சிக்கும் வேர்க் காரணம் ஒன்று, உடனடிக் காரணம் ஒன்று என இரண்டைத் தேட வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குக் கற்பித்தார்கள். வைக்கோற்போர் எரிந்ததற்குத் தீப்பொறி காரணமா, வைக்கோல் உலர்ந்து கிடந்தது காரணமா என்று கேட்டால், இரண்டும் என்பதே விடை.

நான் வாழ்வது ஜவ்வாது மலைமீதுள்ள ஜமுனாமரத்தூரில். இம்மலை மக்களின் பழைய உணவு சாமை. நல்ல மழை பெய்த ஆண்டில் விளைந்த சாமையை உமியோடு குதிரில் கொட்டி வைத்துவிட்டால், அது பல ஆண்டுகள் கெடாது. குதிரில் சாமை உள்ள வீட்டார் தம் புளியமரத்துப் பழத்தை உதிர்த்து, ஓடு நீக்கி, தக்க விலை வரும் நாள்வரை காத்திருப்பர். குதிர் வெறுமையான வீட்டாரோ, மரம் பூவும் பிஞ்சுமாக நிற்கும்போதே வியாபாரி சொன்ன விலைக்குத் தலையசைத்துவிடுவர். இருவர்க்கும் மரம் ஒன்றே; பழமும் ஒன்றே. ஒருவர் விலை சொல்கிறார், மற்றவர் விலை கேட்கிறார். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று நம் முன்னோர் கூறியது இதைத்தான். வீட்டுக்குரிய இவ்வுண்மை நாட்டுக்கும் உரியது. அண்டையில் மூளும் போர், நம் வீட்டில் எந்தக் குதிர் காலியாகக் கிடக்கிறது என்பதை ஊரறியக் காட்டிவிடுகிறது.

முதலில் இருபத்தைந்து ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வோம். 1965 செப்டம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் நிகழ்ந்தது. அமெரிக்கா இரு நாட்டுக்கும் உதவியை நிறுத்தி வைத்தது. அவ்வாண்டே பருவமழையும் பொய்த்தது. அடுத்த ஆண்டும் பொய்த்தது. 1966இல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தை நாம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று. அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் அக்கோதுமையை ஆண்டுக் கணக்கில் ஒப்புக்கொள்ளாமல், மாதக் கணக்கில் அளந்து அனுப்பினார். வியட்நாம் போரைப் பற்றி இந்தியா கூறிய கருத்துகள் அவருக்கு உவப்பாக இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். தானியக் குதிர் காலியான நாட்டின் சொல், அம்பலம் ஏறத் தடுமாறியது.

அந்நாளில் உணவு, வேளாண்மைத் துறை அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். உயர் விளைச்சல் தரும் விதை, உரம், பாசனம், உழவருக்கு உறுதியான விலை ஆகிய நான்கையும் ஒருங்கே இணைக்கும் திட்டத்தை அவர் மேற்கொண்டார். 1966இல் மெக்சிகோ நாட்டிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வரவழைக்கப்பட்டது. உழவரிடம் தானியத்தை வாங்கிச் சேமிக்க 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. பசுமைப் புரட்சி என்று நீங்கள் படிப்பது இதைத்தான். இரசாயன உரத்தாலும் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததாலும் பின்னாளில் தோன்றிய கேடுகளையும் நீங்கள் படிக்கிறீர்கள், அவையும் உண்மையே. ஆயினும் 1990-91இல் நாட்டின் தானிய விளைச்சல் 17 கோடி டன்னைக் கடந்திருந்தது. வளைகுடாவில் போர் மூண்ட ஆண்டில் நாம் எவரிடமும் கோதுமைக்காகக் கையேந்தவில்லை. ஒரு போர் காட்டிய குறை, அடுத்த போர் வருவதற்குள் நிரப்பப்பட்டிருந்தது.

நிரப்பப்படாத குதிர் மற்றொன்று இருந்தது. அதுவே அந்நியச் செலாவணி. பிற நாட்டார் நம் ரூபாயை ஏற்பதில்லை. எண்ணெய்க்கும் இயந்திரத்துக்கும் டாலர் போன்ற நாணயமே கேட்பர். அந்த நாணயம் நமக்கு மூன்று வழிகளில் வரும்: நம் பண்டங்களை விற்பதால் வரும், வெளிநாட்டில் உழைக்கும் நம் மக்கள் அனுப்புவதால் வரும், கடனாக வரும். 1966 ஜூன் 6ஆம் நாள் ரூபாயின் மதிப்பைக் குறைத்து, டாலருக்கு 4.76 ரூபாய் என்பதை 7.50 ரூபாய் ஆக்கினர். இறக்குமதிக் கட்டுப்பாடுகளிற் சிலவும் தளர்த்தப்பட்டன. ஆனால் எதிர்பார்த்த வெளிநாட்டு உதவி போதிய அளவில் வரவில்லை. அவ்வாண்டும் மழை இல்லை. மக்களுக்கும் அம்முயற்சியில் நம்பிக்கை பிறக்கவில்லை. சில ஆண்டுகளில் கட்டுப்பாடுகள் முன்னிலும் இறுகின. தொழில் தொடங்க லைசென்சு, விரிவாக்க லைசென்சு, இறக்குமதிக்கு லைசென்சு என்று எதற்கும் அரசின் அனுமதி வேண்டியிருந்தது. ஏற்றுமதி தளர்நடையே நடந்தது.

1980க்குப் பின் பொருளாதாரம் விரைந்து வளரத் தொடங்கியது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேலும் வளர்ந்தது. அவ்வளர்ச்சியின் ஒரு பகுதி கடனில் நின்றது என்பதே கவனிக்கத்தக்கது. 1980இல் ஏறத்தாழ 2,000 கோடி டாலராக இருந்த வெளிநாட்டுக் கடன், 1991 மார்ச்சில் ஏறத்தாழ 8,380 கோடி டாலராகப் பெருகியிருந்தது. மத்திய அரசின் வரவுக்கும் செலவுக்கும் இடையே நின்ற பற்றாக்குறை, நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு எட்டளவாகியது. வைக்கோல் உலர்ந்து கிடந்தது என்று முன்னர்க் கூறியது இதையே. தீப்பொறிதான் வரவேண்டியிருந்தது, அது குவைத்திலிருந்து வந்தது.

ஈராக்கின் படை குவைத்தைக் கைப்பற்றியபோது அங்கே ஏறத்தாழ 1,70,000 இந்தியர் வாழ்ந்தனர். கேரளத்தாரும் தமிழரும் அவருள் பலர். ஒரே இரவில் வேலை போயிற்று, வங்கிகள் மூடப்பட்டன, சேமித்த குவைத்து தினார் செல்லாக் காசாயிற்று. பிரதமர் வி. பி. சிங்கின் அரசில் வெளியுறவு அமைச்சராக இருந்த இந்தர் குமார் குஜ்ரால் பாக்தாதுக்கே சென்று சதாம் உசேனைச் சந்தித்தார். படையெடுத்தவரோடு கைகுலுக்கலாமா என்று உலகில் பலர் கடிந்தனர். நம் மக்கள் வெளியேற வழி திறக்க வேண்டுமானால் வாயில் காப்பவனோடு பேசித்தானே ஆகவேண்டும்? வழி திறந்தது. மக்கள் பேருந்துகளில் ஈராக்கின் பாலைநிலத்தைக் கடந்து, ஜோர்டான் நாட்டின் அம்மான் நகரை அடைந்தனர். அங்கிருந்து ஏர் இந்தியா விமானங்கள் 1990 ஆகஸ்டு 13 முதல் அக்டோபர் 11 வரை, 59 நாள்களில், 488 முறை பறந்து 1,11,000க்கும் மேற்பட்டோரைத் தாயகம் சேர்த்தன. பயணிகள் விமானங்களைக் கொண்டு உலகம் அதற்குமுன் கண்டிராத அளவில் நிகழ்ந்த மீட்புப் பணி அது. வறுமைக் காலத்திலும் ஒரு நாடு தன் மக்களைக் கைவிடாமல் இருக்க முடியும் என்பதற்கு அது சான்று.

மக்களை மீட்டது ஒரு பணி. அவர்கள் இழந்த வருவாயை ஈடுசெய்வது வேறொரு பணி. 1990 ஜூலையில் பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 17 டாலருக்கு விற்ற கச்சா எண்ணெய், அக்டோபரில் 40 டாலரையும் கடந்தது. 1990-91ஆம் நிதியாண்டில் நம் பெட்ரோலிய இறக்குமதிச் செலவு முந்தைய ஆண்டைவிட 200 கோடி டாலர் கூடி, 570 கோடி டாலராயிற்று. அக்டோபரில் அரசு, பெட்ரோலியப் பண்டங்கள் மீது வளைகுடாக் கூடுதல் கட்டணம் என்றே பெயரிட்டு விலையை உயர்த்தியது.

அந்நாளில் இம்மலையில் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியனாக இருந்தேன். மாணவர் மாலையில் மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி அமர்ந்து படிப்பர். அக்குளிர்காலத்தில் மண்ணெண்ணெய் வரத்துக் குறைந்தது. இரண்டு விளக்குகள் எரிந்த இடத்தில் ஒன்றே எரிந்தது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, “சார், எங்கேயோ சண்டை போட்டுக்கிறாங்கன்னு சொல்றீங்க. நம்ம விளக்குல ஏன் சார் எண்ணெய் குறையுது?” என்று கேட்டான். சுவரில் தொங்கிய ஆசியப் படத்தைக் கழற்றி விளக்கருகே விரித்தேன். குவைத்து எது என்று அவனே தேடிக் கண்டுபிடித்தான். அங்கிருந்து மும்பைவரை விரலால் கோடு இழுத்தான். “கிட்டத்திலதான் சார் இருக்கு” என்றான். பொருளாதார நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அச்சிறுவன் ஒரு விரலால் விளக்கிவிட்டான். எண்ணெய்க்காக ஒரு கடலை நம்பி வாழும் நாட்டுக்கு அக்கடலின் மறுகரை அண்டை வீடே ஆகும்.

எண்ணெய் ஒன்றே துன்பம் தரவில்லை. வளைகுடாவிலிருந்து உழைப்பாளர் அனுப்பிய பணம் சுருங்கியது. ஈராக்கோடும் குவைத்தோடும் நடந்த வாணிபம் நின்றது. நம் பண்டங்களை ரூபாய்க் கணக்கில் வாங்கிவந்த சோவியத்து ஒன்றியமோ தானே சிதைந்துகொண்டிருந்தது. இவற்றையெல்லாம் கண்ட வெளிநாட்டு வங்கிகள் புதுக் கடன் தர மறுத்தன. வெளிநாடுவாழ் இந்தியருள் பலர் இங்கே இட்டிருந்த வைப்புத் தொகையைத் திரும்ப எடுக்கத் தொடங்கினர். தலைநகரில் ஆட்சியும் நிலைக்கவில்லை. 1990 நவம்பரில் வி. பி. சிங் பதவி இழந்தார். சந்திரசேகர் சிறுபான்மை அரசு ஒன்றை அமைத்தார். 1990 ஆகஸ்டில் 310 கோடி டாலராக இருந்த நம் அந்நியச் செலாவணிக் கையிருப்பு, 1991 ஜனவரி நடுவில் 90 கோடி டாலருக்கும் கீழே இறங்கியது. அடுத்து வந்த திங்கள்களிலும் கையிருப்பு மிகக் குறைவாகவே இருந்தது.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நீங்கள் உற்றுநோக்க வேண்டும். இந்தியா அணிசேரா நாடு. ஐக்கிய நாடுகள் சங்கத்தின் பாதுகாப்பு அவையில் 1991 ஜனவரி முதல் உறுப்பினர் பொறுப்பையும் ஏற்றிருந்தது. போரில் எப்பக்கமும் சேர்வதில்லை என்பது நம் நிலை. ஆனால் அந்த ஜனவரியில், அமெரிக்கப் படையின் போக்குவரத்து விமானங்கள் மும்பை முதலிய நம் விமான நிலையங்களில் எண்ணெய் நிரப்பிக்கொள்ள அரசு இசைந்தது. அதே ஜனவரியில், பன்னாட்டு நிதியம் நமக்கு ஏறத்தாழ 180 கோடி டாலர் கடன் வழங்க ஒப்புதல் அளித்தது. இரண்டுக்கும் இடையிலான தொடர்பு எத்துணை நெருக்கமானது என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுகின்றனர். தொடர்பை நான் வலியுறுத்தப் போவதில்லை. கையிருப்பு நிறைந்த நாட்டைப் பற்றி இப்படியோர் ஐயம் எழுந்திருக்குமா என்று மட்டும் கேட்கிறேன். எண்ணெய் நிரப்பும் செய்தி வெளிவந்ததும் நாட்டில் எதிர்ப்பு மூண்டது. ராஜீவ் காந்தி தலைமையிலான காங்கிரசும் கண்டித்தது. பிப்ரவரியில் அவ்வசதி நிறுத்தப்பட்டது. மார்ச்சில் சந்திரசேகர் பதவி விலகினார். முழு வரவுசெலவுத் திட்டத்தை அளிக்கவும் அந்த அரசுக்கு வாய்ப்பில்லாமற் போயிற்று.

பின்னர் வந்தது தங்கத்தின் கதை. நம் வீடுகளில் கழுத்து நகை அடகுக்குப் போகும் நாள் எத்தகையது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாட்டுக்கும் அந்நாள் வந்தது. 1991 மே திங்களில், கடத்தற்காரரிடமிருந்து கைப்பற்றி வைத்திருந்த தங்கத்தில் 20 டன்னை, திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு சுவிட்சர்லாந்து வங்கியிடம் விற்றனர். ஜூலையில், ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கத்திலிருந்து ஏறத்தாழ 47 டன் மும்பையிலிருந்து விமானத்தில் இலண்டனுக்குச் சென்றது. அதனை ஈடாக வைத்து, இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் 40.5 கோடி டாலர் பெறப்பட்டது. அன்று ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன், துணை ஆளுநர்களுள் ஒருவர் அரியலூரைச் சேர்ந்த சி. ரங்கராஜன். செய்தி வெளியானபோது நாட்டு மக்கள் வெட்கினர். ஆனால் அன்று கடன் தவணை தவறியிருந்தால், இந்தியா தவணை தவறிய நாடு என்னும் பெயர் நெடுங்காலம் நிலைத்திருக்கும். எண்ணெய்க் கப்பலும் உரக் கப்பலும் முன்பணம் இன்றிப் புறப்பட்டிரா. நகையை அடகு வைத்தாவது சொன்ன நாளில் கடனைக் கட்டுவது என்னும் வழியை நாடு தேர்ந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் இலண்டனில் வைத்த தங்கத்தை மீட்டுவிட்டது.

இரண்டு அடகுகளுக்கும் இடையே தேர்தல் நடந்தது. 1991 மே 21ஆம் நாள் இரவு, பிரசாரத்துக்கு வந்த ராஜீவ் காந்தி நம் ஸ்ரீபெரும்புதூரில் கொலையுண்டார். எங்கள் மலை மக்களுக்கு அவர் முகம் தெரிந்த தலைவர். 1986 ஜனவரி 6ஆம் நாள் அவர் இம்மலையிலுள்ள காவலூருக்கு வந்து, 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை நாட்டுக்கு அர்ப்பணித்து, அந்நிலையத்துக்கு வைணு பாப்பு வானாய்வு நிலையம் எனப் பெயரிட்டிருந்தார். அத்தொலைநோக்கி நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டது. 1991க்கு முந்தைய நாற்பது ஆண்டுகளும் வீண் என்று இக்காலத்தார் சிலர் பேசக் கேட்கிறேன். அங்ஙனம் பேசுவோர் ஒருமுறை காவலூருக்கு வந்து அக்கருவியைக் காண வேண்டும். கட்டுப்பாடுகள் நிறைந்த அவ்வாண்டுகளே நமக்கு அறிவியலாரையும் பொறியியலாரையும் பயிற்றுத் தந்தன. வாயில் திறந்தபின் வெளியே சென்று வென்றவர், அந்த மூடிய வீட்டில் கற்றவரே.

ஜூன் 21ஆம் நாள் பி. வி. நரசிம்ம ராவ் பிரதமரானார். மன்மோகன் சிங் நிதியமைச்சரானார். அடுத்த ஐந்து வாரங்களில் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்திக் கூறுகிறேன். ஜூலை 1, 3 ஆகிய நாள்களில் இரு படிகளாக ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. டாலருக்கு ஏறத்தாழ 21 ரூபாய் என்றிருந்தது ஏறத்தாழ 26 ரூபாயாயிற்று. ஜூலை 4ஆம் நாள், வாணிப அமைச்சர் ப. சிதம்பரம் புதிய வாணிபக் கொள்கையை அறிவித்தார்; இறக்குமதி லைசென்சுகள் பல நீங்கின. ஜூலை 24ஆம் நாள் புதிய தொழிற்கொள்கையும் வரவுசெலவுத் திட்டமும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டன. 18 தொழில்கள் தவிர ஏனையவற்றுக்கு லைசென்சு முறை ஒழிந்தது. அரசுக்கே ஒதுக்கப்பட்டிருந்த தொழில்கள் 17இலிருந்து 8ஆகக் குறைந்தன. முதன்மைத் தொழில்களில் அந்நிய முதலீடு நூற்றுக்கு 51 வரை அனுமதிக்கப்பட்டது.

1966இல் நிலைக்காத மாற்றம் 1991இல் நிலைத்தது எதனால்? முன்னது பெரிதும் வெளியார் வற்புறுத்தலால் வந்தது என்று மக்கள் கருதினர். 1991இலும் பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனைகள் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் லைசென்சு முறையின் குறைகளை நம் பொருளியலாரும் அரசு அலுவலரும் பல ஆண்டுகளாக ஆராய்ந்து குறித்து வைத்திருந்தனர். 1980களிலேயே அம்முறை சிறிது சிறிதாகத் தளர்த்தப்பட்டும் வந்தது. மருந்து முன்னமே அரைத்து வைக்கப்பட்டிருந்தது. நோய் முற்றிய நாளில் நோயாளி உண்ண இசைந்தார். மீட்பை ஓர் அரசு நடத்தியது. முதற் கடனை மற்றோர் அரசு பெற்றது. சீர்திருத்தத்தை மூன்றாம் அரசு செய்தது. ஓராண்டில் மூன்று பிரதமர். ஆனால் ஒரே நாடு, ஒரே ரிசர்வ் வங்கி, ஒரே அலுவலர் குழு. இதை ஒருவர் செய்த அற்புதமாகக் கூறுவது அம்மூவர்க்கும் நீதியாகாது.

மருந்து கசந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உர விலையை நூற்றுக்கு 40 உயர்த்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழவே 30 ஆக்கி, சிறு குறு உழவருக்கு விலக்களிப்பதாகவும் கூறினர். 1991 ஆகஸ்டில் விலைவாசி ஏற்றம் ஆண்டுக்கு நூற்றுக்கு 17 என்னும் உச்சத்தைத் தொட்டது. அந்நிதியாண்டில் நாட்டின் வளர்ச்சி நூற்றுக்கு ஒன்றைச் சற்றே கடந்ததோடு நின்றது. வேலை தேடிய இளைஞருக்கு அது கொடிய ஆண்டு.

பின்னர் வளர்ச்சி வந்தது; ஆனால் எங்கும் ஒரே வேகத்தில் வரவில்லை. ராஜீவ் காந்தி உயிர் நீத்த அதே ஸ்ரீபெரும்புதூரை அடுத்து, 1996இல் ஹூண்டாய் நிறுவனம் கால்கோள் விழா நடத்தி, 1998இல் கார்களைச் செய்யத் தொடங்கியது. 1991க்கு முந்தைய சட்டப்படி இது நடந்திருக்க இயலாது. எங்கள் மலையடிவாரத்து ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பண்டங்கள் நாட்டுக்கு டாலர் ஈட்டித் தந்தன. ஆனால் தோல் பதனிடும் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில், தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுவதை ஏற்றுக்கொண்டு, அதற்காக மண்ணையும் நீரையும் மக்கள் நலத்தையும் அழிக்கும் உரிமை அதற்கில்லை என்று உரைத்தது. ஒரு குதிரை நிரப்புவதற்கு இன்னொரு குதிரை ஓட்டையாக்கலாகாது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? மலைமேலோ, சாமை விளைத்தவரின் பிள்ளைகள் பலர் இந்த வளர்ச்சியைத் தேடி அயலூருக்குக் கூலிகளாக இறங்கிச் சென்றனர். பள்ளிப் படிப்பை முடித்தவர் ஆலைக்குச் சென்றனர். முடிக்காதவர் காப்பித் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் சென்றனர். வாயில் திறந்தபோது நடக்கக் கற்றவரே முதலில் நுழைந்தனர். கல்வியை மலைக்கு முன்னமே கொண்டு சேர்த்திருந்தால், இம்மாற்றத்தின் பயன் இன்னும் நேர்மையாகப் பங்கிடப்பட்டிருக்கும்.

இனி, குதிர் நிரம்பியதால் நேர்ந்தது என்ன என்று பார்ப்போம். 1994 மார்ச்சில் தங்கத்தையும் சேர்த்து நம் கையிருப்பு ஏறத்தாழ 1,900 கோடி டாலராக உயர்ந்தது. 2009 நவம்பரில், எந்தப் பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்டு நின்றோமோ, அதே நிதியத்திடமிருந்து 200 டன் தங்கத்தை ரிசர்வ் வங்கி விலைக்கு வாங்கியது. 2021 ஜூனில் கையிருப்பு 60,000 கோடி டாலர் என்னும் எல்லையைக் கடந்தது. 2022இல் ரஷியா உக்ரைன் மீது படையெடுத்தபோது எண்ணெய் விலை மீண்டும் ஏறியது. அம்முறை தத்தளித்தது நாம் அல்லோம். நம் அண்டையிலுள்ள இலங்கை. சுற்றுலா வருவாய் இழப்பு, வரிக் குறைப்பு, கடன் சுமை எல்லாம் சேர்ந்து அதன் குதிரை முன்னமே வற்றச் செய்திருந்தன. 2022 ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன் தவணைகளைக் கட்ட இயலாது என்று இலங்கை அறிவித்தது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மக்கள் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டில் இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு எரிபொருளாகவும் உணவாகவும் மருந்தாகவும் கடனாகவும் உதவிற்று. தமிழ்நாட்டு அரசும் அரிசியும் பால் மாவும் மருந்தும் அனுப்பியது. 1991இல் ஏந்திய கை, 2022இல் நீட்டிய கையாயிற்று. இதில் செருக்குக் கொள்ள ஒன்றுமில்லை. இலங்கை நின்ற இடத்தில் நாம் நின்று முப்பது ஆண்டுகளே ஆயின.

இந்த வரலாற்றை நான் உங்களுக்கு எடுத்துரைத்ததற்குக் காரணம் உண்டு. போர்களை நாம் தடுத்துவிட முடியாது. அவை எங்கே, எப்போது மூளும் என்பதையும் முன்னறிய முடியாது. நம் குதிரின் நிலையை அறிந்து வைத்திருக்க மட்டும் முடியும். அறிவது அரிதன்று. ரிசர்வ் வங்கி வெள்ளிக்கிழமைதோறும் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பை வெளியிடுகிறது; மறுநாள் நாளிதழில் அது ஒரு சிறு பத்தியாக வரும். பெரும்பாலோர் படிக்காமல் புரட்டிவிடும் பத்தி அது. நீங்கள் அதைப் படியுங்கள். ஒரு குறிப்பேட்டில் வாரந்தோறும் எழுதி வாருங்கள். எண்ணெய் விலையையும் பக்கத்தில் எழுதுங்கள். ஓராண்டு முடிவில், எந்த வாரத்தில் எந்தச் செய்தியால் அவ்வெண் ஏறியது, எந்தச் செய்தியால் இறங்கியது என்று உங்கள் ஆசிரியரோடு அமர்ந்து ஆராயுங்கள். 1990ஆம் ஆண்டின் செய்தித்தாளைப் புரட்டிய எங்களில் பலர் போரின் படங்களைப் பார்த்தோம். அந்தச் சிறு எண்ணைப் பார்த்தவர் மிகச் சிலரே. உங்கள் தலைமுறையில் அத்தகையோர் பலராக வேண்டும்.